மீனிலும் பாலூட்டியிலும் நோய் எதிர்ப்பு மண்டலம்: ஓர் எளிய விளக்கம்

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்கள் அதைப் போலப் பத்து மடங்கு. மீன் அந்தத் தண்ணீரைத்தான் வாழ்நாள் முழுக்கச் செவுள் வழியாக உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. செவுளில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய ஒரு செல் அடுக்கு. கிருமிகள் சூழ்ந்த இடத்தில், இவ்வளவு மெல்லிய தடுப்போடு, மீன் எப்படி நோயில்லாமல் நீந்துகிறது?

நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி முதன்முதலாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் செல்களின் பெயர்ப் பட்டியலிலேயே களைத்துப்போகிறார்கள். அதற்குப் பதிலாக மீனையும் பாலூட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வழி என்று நினைக்கிறேன். எலும்புள்ள மீன்களின் வழியும் நம் வழியும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இரண்டிலும் இருக்கிறவை எவையோ, அவை இந்த மண்டலத்தின் அடித்தளம். ஒன்றில் மட்டும் இருக்கிறவை பிறகு சேர்ந்தவை, அல்லது வாழும் இடத்துக்கேற்ப மாறியவை. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பட்டியல் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

முதலில் வெளித்தடுப்பு

பாலூட்டியின் தோலில் மேலே இருக்கும் அடுக்கு உயிரில்லாதது. கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செத்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, காய்ந்து, நாள்தோறும் உதிர்ந்துகொண்டிருக்கும். வறண்ட, உயிரற்ற பரப்பில் பாக்டீரியா வேர்பிடிப்பது கடினம். வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும் என்பதால் அதற்கு அங்கே வேலையே இல்லை.

மீனுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. அதன் தோலின் வெளிப்புற செல்கள்கூட உயிருள்ளவை. செதில்கள் அந்தத் தோலுக்கு அடியிலிருந்து வருபவை. அவற்றின்மேலும் மெல்லிய உயிருள்ள படலம் போர்த்தியிருக்கும். அந்தப் படலத்தைக் காப்பது, மீனைக் கையில் எடுத்தவுடன் நாம் உணரும் வழுவழுப்பு. அந்தச் சளி வெறும் பசை இல்லை. பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் லைசோசைம், சவ்வில் ஓட்டை போடும் சிறு புரதங்கள், கிருமிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் லெக்டின்கள், குறிப்பிட்ட கிருமியைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பழைய சளி கழன்று தண்ணீரோடு போய்க்கொண்டே இருக்கும், அதில் ஒட்டிய கிருமிகளும் கூடவே போகும். மீனை முரட்டுத்தனமாகக் கையாண்டு சளியை வழித்துவிட்டால் சில நாட்களில் அதே இடத்தில் பூஞ்சையோ புண்ணோ தோன்றுவதற்குக் காரணம் இதுதான். மீன் வளர்ப்பவர்கள் வலையைக்கூட ஈரமாக்கிக்கொண்டு மென்மையாகப் பயன்படுத்துவது அவசியமான பழக்கம்.

பாலூட்டியிலும் இதே உத்தி உள்ளே இருக்கிறது. மூக்கு, மூச்சுக்குழாய், குடல், கண் எங்கெல்லாம் உயிருள்ள செல்கள் வெளியுலகைத் தொடுகின்றனவோ அங்கெல்லாம் சளியும் லைசோசைமும் உண்டு. 1922இல் லைசோசைமைப் பற்றி அறிவித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அதை முதலில் கண்டது மூக்குச் சளியில்தான். கண்ணீரிலும் அது ஏராளம். ஆக, நம் உடலின் உள்வழிகளில் மட்டும் இருப்பதை மீன் உடல் முழுக்கப் போர்த்திக்கொண்டிருக்கிறது.

பிறவியிலேயே வரும் எதிர்ப்பு

தடுப்பைத் தாண்டிக் கிருமி உள்ளே வந்துவிட்டால் முதல் சில மணி நேரத்தில் வேலை செய்வது பிறவி எதிர்ப்பு. இதற்குக் கிருமியை முன்பே பார்த்திருக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்தே தயாராக இருக்கும்.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் இளம்புழுவில் ஒரு முள்ளைக் குத்தினார். மறுநாள் பார்த்தபோது அந்த முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. உடலுக்குள் அந்நியமான ஒன்று வந்தால் அதைத் தேடிப்போய் விழுங்கும் செல்கள் உண்டு என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1908இல் பால் எர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நட்சத்திர மீன் உண்மையில் மீனே அல்ல, முதுகெலும்பே இல்லாத உயிரி. அதிலும் விழுங்கும் செல்கள் இருக்கின்றன என்றால் இந்த உத்தி எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

மீனிலும் பாலூட்டியிலும் இந்த வேலையைச் செய்யும் முக்கியமான செல்கள் இரண்டு. நியூட்ரோஃபில்கள் முதலில் ஓடிவரும், கிருமியை விழுங்கும், சீக்கிரமே செத்தும் போகும். மனித உடல் ஒரு நாளில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. புண்ணில் நாம் பார்க்கும் சீழின் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்கள்தான். அடுத்தது மாக்ரோஃபேஜ். இது நிதானமாக வரும், நீண்ட நாள் வாழும், கிருமியோடு செத்த செல்களின் மிச்சத்தையும் விழுங்கித் துப்புரவாக்கும்.

சரி, எது கிருமி, எது சொந்த செல் என்று இவற்றுக்கு எப்படித் தெரிகிறது? பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் சில மூலக்கூறுகள் விலங்கின் செல்லில் இருப்பதே இல்லை. வைரஸ் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏ போன்றவையும் ஆரோக்கியமான செல்லில் அந்த வடிவில் காணப்படுவதில்லை. இந்த மாதிரி மாறாத அடையாளங்களைத் தொட்டு உணரும் புரதங்கள் நம் செல்களில் இருக்கின்றன. டோல் போன்ற ஏற்பிகள் அவற்றில் புகழ்பெற்றவை. டோல் மரபணுவுக்கு நோய் எதிர்ப்பில் பங்குண்டு என்று 1996இல் பழ ஈயில் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பாலூட்டியிலும் கண்டார்கள். 2011 நோபல் பரிசில் ஒரு பாதி இதற்குத்தான். மனிதரில் இந்த ஏற்பிகள் 10. மீன்களில் எல்லா இனங்களையும் சேர்த்துப் பார்த்தால் 20 வகைகளுக்கும் மேல் உண்டு.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற பொருளைப் பாலூட்டியின் உடல் மிகச் சிறிய அளவிலேயே உணர்ந்துவிடும். அளவு கூடினால் எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறி ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மீன்களோ அதைவிடப் பன்மடங்கு அளவைச் சாதாரணமாகத் தாங்குகின்றன. பாலூட்டியில் அந்தப் பொருளை உணரும் ஏற்பி பல மீன் இனங்களில் இல்லை, இருக்கும் இனங்களிலும் அதே மாதிரி வேலை செய்வதில்லை. பாக்டீரியா நிறைந்த தண்ணீரில் வாழும் உயிருக்கு இந்தச் சகிப்பு நல்லதுதான் என்று தோன்றுகிறது.

செல்கள் மட்டுமல்லாமல் ரத்தத்தில் கரைந்த புரதங்களும் இந்தக் கட்டத்தில் சேர்ந்துகொள்ளும். நிரப்பு மண்டலம் என்று அதற்குப் பெயர். முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, கடைசியில் பாக்டீரியாவின் சவ்வில் துளை போடும். கூடவே, 'இதை விழுங்கு' என்று மாக்ரோஃபேஜுக்கு அடையாளமும் ஒட்டிவிடும். மீனிலும் அநேகமாக இதே புரதங்கள் இருக்கின்றன. அதிலும் மையமான சி3 புரதத்தைப் பல வடிவங்களில் வைத்திருக்கும் மீன்கள் உண்டு. மீனின் நிரப்பு மண்டலம் குளிர்ந்த தண்ணீரிலும் நன்றாக வேலை செய்யும். இந்தக் குளிர் விஷயம் பிறகு மறுபடி வரும்.

வைரஸுக்கு இன்டர்ஃபெரான். ஒரு செல்லில் வைரஸ் புகுந்தால் அந்த செல் இன்டர்ஃபெரானை வெளியிடும். அக்கம்பக்கத்து செல்கள் அதை உணர்ந்து வைரஸ் பெருக முடியாதபடி தம்மை மாற்றிக்கொள்ளும். இது இரு தரப்பிலும் உண்டு.

கற்றுக்கொள்ளும் எதிர்ப்பு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்த உலகில் என்னென்ன கிருமிகள் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. நாளை புதிதாக ஒரு வைரஸ் தோன்றலாம். அதைப் பற்றிய எந்தத் தகவலும் மரபணுவில் எழுதியிருக்க முடியாது. இருந்தும் அதைத் துல்லியமாகப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை உடல் உருவாக்குகிறது. எப்படி?

வெள்ளை அணுக்களில் லிம்ஃபோசைட் என்று ஒரு வகை. அதில் பி செல், டி செல் என்று இரண்டு பிரிவு. ஒவ்வொரு லிம்ஃபோசைட்டின் மேலும் ஒரே ஒரு விதமான ஏற்பி, ஆயிரக்கணக்கில் நிற்கும். அந்த ஏற்பிக்கான மரபணு பெற்றோரிடமிருந்து முழுசாக வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. செல் முதிரும்போது அந்தத் துண்டுகளிலிருந்து சிலவற்றைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடி கனமான சங்கிலியும் லேசான சங்கிலியும் சேர்ந்த புரதம். மனித ஆன்டிபாடியின் கனமான சங்கிலிக்கு மட்டும் மூன்று விதத் துண்டுகள் உண்டு: முதல் விதத்தில் ஏறத்தாழ 40, இரண்டாவதில் 23, மூன்றாவதில் 6. பெருக்கினால் ஐயாயிரத்துக்கும் மேல். லேசான சங்கிலியும் இதே போல் தனியாகக் கூடும், ஒட்டும் இடங்களில் சில மரபணு எழுத்துகள் கூடும் குறையும். மொத்தத்தில் பல்லாயிரம் கோடி விதமான ஏற்பிகள் சாத்தியமாகின்றன. கொஞ்சம் எழுத்துகளை வைத்துக்கொண்டு எத்தனை சொற்களை வேண்டுமானாலும் உண்டாக்குவதைப் போலத்தான். மரபணு வாழ்நாள் முழுக்க மாறாது என்று நம்பியிருந்த காலத்தில் இதை நிரூபித்தவர் சுசுமு டோனெகாவா. 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிகளுக்கு ராக்1, ராக்2 என்று பெயர். தாடை உள்ள முதுகெலும்பிகள் அநேகமாக எல்லாவற்றிலும், சுறாவிலிருந்து திமிங்கிலம் வரை, இவை இருக்கின்றன. மீனின் ஆன்டிபாடியும் நம் ஆன்டிபாடியும் ஒரே முறையில் உருவாகின்றன. ராக் மரபணுக்கள் ஆதியில் மரபணுத் தொகுதிக்குள் இங்குமங்கும் தாவும் துண்டாக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவை என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆம்ஃபியாக்ஸஸ் என்ற சிறிய கடல் உயிரியில் இன்றும் தாவும் நிலையில் இருக்கும் உறவுக்கார மரபணுவை 2016இல் கண்டறிந்தார்கள்.

குருட்டாம்போக்கில் ஏற்பியை உருவாக்கினால் ஒரு ஆபத்தும் கூடவே வரும். சில ஏற்பிகள் சொந்த உடலையே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட டி செல்களைக் களைந்தெடுக்கும் இடம் தைமஸ். பாலூட்டியில் அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. மீனில் செவுள் மூடிக்கு அருகே இருக்கிறது. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: அங்கே பிறக்கும் டி செல்களில் பெரும்பாலானவை தேர்வில் தோற்றுச் செத்துப்போகும், மிச்சம்தான் வெளியே வரும். தைமஸின் பயன் என்ன என்பதே 1961இல் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளில் அதை நீக்கிக் காட்டும்வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

வெளியே வந்த டி செல் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை. கிருமியை விழுங்கிய செல், அதைச் சிறு துண்டுகளாக்கி, எம்எச்சி என்ற புரதத்தின் மேல் வைத்துக் காட்டும். அந்தத் துண்டும் டி செல்லின் ஏற்பியும் பொருந்தினால் டி செல் விழித்துக்கொள்ளும். உதவி செய்யும் டி செல்கள் மற்ற செல்களைத் தூண்டும். கொல்லும் டி செல்கள் வைரஸ் புகுந்த செல்லையே அழிக்கும். பொருத்தமான ஏற்பி வைத்திருக்கும் பி செல் அந்த உதவியோடு பல ஆயிரமாகப் பெருகி ஆன்டிபாடியைக் கொட்டத் தொடங்கும். பாலூட்டியில் முதல் தடவை இதற்கு ஒரு வாரம் வரை ஆகும். காய்ச்சல் வந்தால் குணமாக ஐந்தாறு நாள் பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேலை முடிந்ததும் பெருகிய செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். சில மட்டும் நினைவு செல்களாகத் தங்கும். அதே கிருமி மறுபடி வந்தால் சீக்கிரமாகவும் வலுவாகவும் எதிர்வினை வரும். இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 1846இல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பீட்டர் பானும் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அங்கே அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். அந்தப் பழைய நோய் வந்து பிழைத்த முதியவர்கள் யாருக்கும் 65 ஆண்டு கழித்தும் நோய் திரும்ப வரவில்லை.

எலும்பு மஜ்ஜை இல்லாமல் ரத்தம் எப்படி?

இந்த செல்கள் பிறப்பது எங்கே? வளர்ந்த பாலூட்டியில் எலும்பு மஜ்ஜையில். மீனின் எலும்பில் ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜை கிடையாது. அந்த வேலையை அதன் சிறுநீரகத்தின் முன்பகுதி செய்கிறது. தலைச் சிறுநீரகம் என்று அதைச் சொல்வார்கள். மண்டையோட்டுக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். ரத்த செல்கள் அங்கே பிறக்கின்றன, பி செல்கள் அங்கே முதிர்கின்றன, ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் பல நாட்கள் அங்கேயே தங்குகின்றன.

அதே உறுப்பில்தான் மீனின் கார்ட்டிசால் ஹார்மோனும் சுரக்கிறது. மீன் பதற்றத்துக்கு உள்ளானால், நெரிசலோ ஆக்சிஜன் குறைவோ அடிக்கடி வலையில் அள்ளப்படுவதோ எதுவானாலும், கார்ட்டிசால் கூடும்; நீடித்தால் லிம்ஃபோசைட்டுகள் குறையும், நோய் பிடிக்கும். நம் உடலிலும் கார்ட்டிசால் எதிர்ப்பை அடக்கும், ஆனால் அது சுரப்பது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் தனிச் சுரப்பியில். மீனில் இரண்டும் ஒரே திசுவுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. மீன் பண்ணையில் நோயைத் தவிர்க்க முதல் வழி மருந்தைவிட நெரிசலைக் குறைப்பது என்று அனுபவசாலிகள் சொல்வதில் இந்த உடலமைப்பு அடங்கியிருக்கிறது.

மீனில் இல்லாத இன்னொன்று நிணநீர் முடிச்சு. நமக்குத் தொண்டை வலி வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அது நிணநீர் முடிச்சு வீங்குவதுதான். மனித உடலில் இவை 500க்கும் மேல். கிருமியின் துண்டைச் சுமந்துகொண்டு செல்கள் ஒரு பக்கமாக வந்து சேரும். பொருத்தமான ஏற்பியோடு லிம்ஃபோசைட்டுகள் இன்னொரு பக்கமாக வரும். இரண்டும் சந்திக்க வசதியான இடம் இது. சரியான ஏற்பி உள்ள செல் லட்சத்தில் ஒன்றுகூட இருக்காது என்பதால் சந்திக்கும் இடம் இருப்பது பெரிய லாபம். முடிச்சு இல்லாத மீனில் இந்தச் சந்திப்பு மண்ணீரலிலும் தலைச் சிறுநீரகத்திலும், செவுள், குடல், தோலில் பரவிக் கிடக்கும் செல்களிடையேயும் நடக்கிறது. சால்மன் மீனின் செவுள் இழைகளின் அடியில் டி செல்கள் செறிந்த ஒரு திசு இருப்பதை 2008இல்தான் கண்டார்கள். தண்ணீர் முதலில் தொடும் இடத்திலேயே அது அமைந்திருக்கிறது.

ஆன்டிபாடியில் இருக்கும் வித்தியாசம்

பாலூட்டி முதலில் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியைச் சுரக்கும். பிறகு அதே பி செல்கள் தேவைக்கேற்ப வகையை மாற்றிக்கொள்ளும்: ரத்தத்திலும் திசுவிலும் உலவ ஐஜிஜி, சளிப்படலத்துக்கு ஐஜிஏ, ஒட்டுண்ணிகளுக்கு ஐஜிஇ. ஒவ்வாமையில் தும்மலும் அரிப்பும் வருவதற்குக் காரணமும் இந்த ஐஜிஇதான்.

மீனில் இந்த மூன்றும் இல்லை. வகை மாற்றும் வழக்கமும் இல்லை. அதன் முக்கிய ஆன்டிபாடியும் ஐஜிஎம்தான், ஆனால் வடிவம் கொஞ்சம் வேறு: நம் ஐஜிஎம் ஐந்து அலகுகள் சேர்ந்தது, எலும்புள்ள மீன்களின் ஐஜிஎம் நான்கு அலகுகள் சேர்ந்தது. 2005இல் மீன்களுக்கே உரிய இன்னொரு ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். டிரவுட் மீனில் அதற்கு ஐஜிடி என்றும், வரிக்குதிரை மீனில் ஐஜிஇசட் என்றும் பெயர் வைத்தார்கள். குடலிலும் தோலிலும் செவுளிலும் இது முக்கியமாக வேலை செய்கிறது. அதாவது பாலூட்டியில் ஐஜிஏ செய்யும் வேலை. இரண்டுக்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. தேவை ஒன்றாக இருந்ததால் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்திருக்கின்றன.

மீனின் பி செல்லில் இன்னொரு பழைய குணமும் உண்டு. அது மாக்ரோஃபேஜ் மாதிரி கிருமியை விழுங்கக்கூடியது. 2006இல் இது வெளியானபோது பலரை வியக்கவைத்தது, ஏனென்றால் பி செல் விழுங்காது என்பதே பாடமாக இருந்தது. பிறகு எலியின் ஒரு வகை பி செல்லிலும் இந்தத் திறனைப் பார்த்தார்கள். மீனைப் படித்ததால் பாலூட்டியில் கவனிக்காமல் விட்டதைக் கண்டுபிடித்த நல்ல உதாரணம் இது.

பாலூட்டியின் நிணநீர் முடிச்சுக்குள் பி செல்கள் தம் ஏற்பியில் சிறு மாற்றங்களைச் செய்துகொண்டே போட்டியிடும். கிருமியை இறுக்கமாகப் பிடிப்பவை பிழைக்கும், மற்றவை சாகும். இதனால் சில வாரங்களில் ஆன்டிபாடியின் தரமே கூடிவிடும். மீனில் இந்த மெருகேற்றம் மிகக் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்லக்கூடாது. மாற்றத்தைச் செய்யும் நொதி மீனிலும் இருக்கிறது. டிரவுட்டின் மண்ணீரலில் நோய்க்குப் பிறகு பி செல்கள் கூட்டமாகத் திரண்டு இதே மாதிரி பெருகுவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குளிரும் காய்ச்சலும்

பாலூட்டியின் உடல் வெப்பம் ஏறத்தாழ நிலையானது. மீனில் பெரும்பாலானவற்றின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான். நோய் எதிர்ப்பில் இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் எது என்று கேட்டால் உறுப்புகளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் குளிர்ந்தால் மீனின் லிம்ஃபோசைட்டுகள் மெதுவாகப் பெருகும், ஆன்டிபாடி வர வாரக்கணக்கில் ஆகும். டி செல்களின் உதவி தேவைப்படும் எதிர்வினைதான் அதிகம் தளர்கிறது. பிறவி எதிர்ப்பு அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. அதனால் குளிர்காலத்தில் மீன் பெரும்பாலும் விழுங்கும் செல்களையும் நிரப்பு மண்டலத்தையும் நம்பித்தான் இருக்கிறது. இளவேனிலில் தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது பாக்டீரியா உடனே விறுவிறுவெனப் பெருகும், மீனின் ஆன்டிபாடியோ அந்த வேகத்துக்கு வர நாளாகும். குளங்களில் இந்தப் பருவத்தில் நோய் அதிகம் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணம்.

நமக்குக் கிருமி தொற்றினால் மூளை உடலின் வெப்ப அளவை உயர்த்திவைக்கிறது. அதுதான் காய்ச்சல். பெரும்பாலான மீன்களால் அப்படி உள்ளிருந்து உடல் வெப்பத்தை உயர்த்த முடியாது. ஆனால் வேறு இடத்துக்குப் போகலாம்! 1970களில் நடந்த சோதனைகளில், பாக்டீரியா செலுத்தப்பட்ட மீன்கள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடிப்போய்த் தங்கின. நடத்தைக் காய்ச்சல் என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் என்னை மலைக்கவைப்பது கெண்டை மீனின் ஹெர்பிஸ் வைரஸ். 2017இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு வெப்பநிலையுள்ள அறைகளுக்கிடையே மீன்கள் விருப்பம்போல் நீந்த வழி செய்தார்கள். நோயுற்ற மீன்கள் வெப்பமான அறைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டன; அப்படிப் போக முடியாதபடி அடைபட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. ஆனால் மீன்கள் உடனே கிளம்பவில்லை, சில நாள் தாமதித்தன. காரணம் வைரஸ். காய்ச்சலைத் தூண்டும் சமிக்ஞைப் புரதத்தை இடைமறித்துப் பிடிக்கும் ஒரு புரதத்தை அது சுரக்கிறது. அந்த மரபணுவை நீக்கிய வைரஸைச் செலுத்தியபோது மீன்கள் முன்னதாகவே வெப்பத்தைத் தேடின. அந்தச் சமிக்ஞைப் புரதம் டிஎன்எஃப் ஆல்ஃபா. நம் காய்ச்சலைத் தூண்டும் புரதங்களில் ஒன்றும் அதுவே. வெப்பத்தை உண்டாக்கும் முறை வேறானாலும் கட்டளை பழையதுதான்.

குட்டிகளும் குஞ்சுகளும்

பிறந்தவுடன் கற்கும் எதிர்ப்பு முழுமையாக இருக்காது. மனிதரில் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்விடும், பிறகு தாய்ப்பாலில் ஐஜிஏ வரும். மாட்டில் நஞ்சுக்கொடி ஆன்டிபாடியை விடாது; கன்று ஆன்டிபாடியே இல்லாமல் பிறக்கிறது. அதற்கு எல்லாமே சீம்பால்தான். கன்றின் குடல் முழு ஆன்டிபாடியை உறிஞ்சுவது பிறந்து ஒரு நாளைக்குள் நின்றுவிடும் என்பதால் முதல் சில மணி நேரத்திலேயே குடிக்க வைத்தாக வேண்டும்.

மீன் முட்டையின் மஞ்சள் கருவில் தாய் கொஞ்சம் ஐஜிஎம்மும் லைசோசைமும் வைத்து அனுப்புகிறது. அது தீர்ந்த பிறகு குஞ்சு பிறவி எதிர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு நீந்த வேண்டும். வரிக்குதிரை மீனில் கற்கும் எதிர்ப்பு செயல்படும் நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆய்வாளர்களுக்கு இது வசதி: குஞ்சின் உடல் ஊடுருவித் தெரியும் என்பதால், பிறவி எதிர்ப்பு தனியாக எப்படிக் கிருமியைக் கையாளுகிறது என்று உயிரோடிருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்க்கலாம். மனிதக் காசநோய்க் கிருமியின் உறவான ஒரு பாக்டீரியாவை மாக்ரோஃபேஜ்கள் சூழ்ந்து கட்டியாவதை இப்படித்தான் பார்த்தார்கள்.

மீனுக்குத் தடுப்பூசி

மீனுக்கு நினைவு செல்கள் உண்டு என்பதால் தடுப்பூசியும் பலிக்கும். 1942இலேயே டிரவுட் மீன்களுக்கு, ஃபுரங்குலோசிஸ் நோய்க் கிருமியைக் கொன்று இரையோடு கலந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1970களில் வணிக முறையில் வந்த தடுப்பு மருந்தில் குஞ்சுகளைச் சற்று நேரம் முக்கி எடுத்தாலே போதும், செவுளும் தோலும் அதை எடுத்துக்கொள்ளும். பெரிய சால்மன் பண்ணைகளில் இன்று ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் ஊசி போடுகிறார்கள்.

போட்ட பிறகு எத்தனை நாளில் பாதுகாப்பு வரும் என்பதை மீன் மருத்துவர்கள் நாட்களில் சொல்வதில்லை. வெப்பநிலையை நாட்களோடு பெருக்கிச் சொல்வார்கள். 10 டிகிரி தண்ணீரில் 40 நாள் என்றால் 400 டிகிரி-நாள். அதே மீன் 5 டிகிரி தண்ணீரில் இருந்தால் 80 நாள் காத்திருக்க வேண்டும்.

இதன் பலனை நார்வேயில் பார்க்கலாம். 1987இல் அந்நாட்டு மீன் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தின. 1990களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த நல்ல தடுப்பூசிகள் வந்ததும் அது மளமளவெனச் சரிந்தது. இன்று அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் சால்மன் வளர்கிறது. ஆன்டிபயாடிக்கோ ஒரு டன்னுக்கும் கீழ்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொருட்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்டலத்தில் கூட்டிவைக்க ஒரே ஒரு அளவுகோல் கிடையாது. பொதுவாகத் தூண்டிவிட்டால் ஒவ்வாமையும், சொந்த மூட்டுகளையோ கணையத்தையோ தாக்கும் நோய்களும்தான் மிச்சம். தடுப்பூசி அப்படிச் செய்வதில்லை. குறிப்பிட்ட ஒரு கிருமிக்கான நினைவை மட்டும் உண்டாக்குகிறது. அதனால்தான் அது பலிக்கிறது.

வழக்கத்தை மீறியவை

இவ்வளவும் சொன்ன பிறகு, அடித்தளம் என்று நான் சொன்னதிலேயே சில இல்லாத மீன்களைக் குறிப்பிடாமல் விடமுடியாது.

தாடையில்லாத லாம்ப்ரே, ஹேக்மீன் இரண்டிலும் ராக் நொதிகளும் இல்லை, நம் வகை ஆன்டிபாடியும் இல்லை. ஆனால் அவையும் கற்றுக்கொள்கின்றன, நினைவும் வைத்துக்கொள்கின்றன. அவற்றின் ஏற்பிகள் முற்றிலும் வேறு புரதத்தால் ஆனவை என்பது 2004இல் தெரிந்தது. அவையும் மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துத்தான் உருவாகின்றன. ஒரே யோசனை இரண்டு தடவை தனித்தனியாகப் பிறந்திருக்கிறது.

அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுதி 2011இல் வெளியானபோது இன்னொரு அதிர்ச்சி. கிருமித் துண்டை உதவி டி செல்லுக்குக் காட்டும் இரண்டாம் வகை எம்எச்சி மரபணுக்களே அதில் இல்லை. மனிதருக்கு இவை வேலை செய்யாவிட்டால் சிறு வயதிலேயே கடுமையான தொற்றுகள் வரும். காட் மீனோ கடலில் நன்றாகவே வாழ்கிறது. முதல் வகை எம்எச்சி மரபணுக்களை அது ஏராளமாகப் பெருக்கி வைத்திருக்கிறது. இழந்ததை அப்படி ஈடுகட்டியிருக்கலாம்.

ஆழ்கடல் தூண்டில் மீன்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. சில இனங்களில் மிகச் சிறிய ஆண் மீன், பெண் மீனின் உடலைக் கடித்துப் பிடித்து, திசுவோடு திசுவாக ஒட்டி, ரத்த ஓட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும். மனிதரில் வேறொருவர் சிறுநீரகத்தைப் பொருத்தினாலே டி செல்கள் தாக்கும். அதை அடக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். இந்த மீன்களால் எப்படி முடிகிறது? 2020இல் வெளியான மரபணு ஆய்வு விடை சொன்னது. நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் இனங்கள் கற்கும் எதிர்ப்புக்கான முக்கிய மரபணுக்களை இழந்திருக்கின்றன; பல ஆண்களை ஒட்டவைத்துக்கொள்ளும் சில இனங்களில் ராக் மரபணுக்களே செயலிழந்துவிட்டன. அப்படியென்றால் அவற்றுக்கு டி செல்லும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. மனிதக் குழந்தைக்கு இந்த நிலை ஏற்பட்டால் சிகிச்சை இல்லாமல் ஓரிரு ஆண்டு தாண்டுவதே அரிது. அந்த மீன்கள் பிறவி எதிர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆழ்கடலில் வாழ்ந்து, இனப்பெருக்கமும் செய்துவருகின்றன. அந்தப் பிறவி எதிர்ப்பில் எது அவற்றைக் காப்பாற்றுகிறது என்பதைக் கண்டறியும் வேலை இன்னும் முடியவில்லை.